பால் சொட்டுக்கு முன்னால் பத்தாயிரம் வாலா

அன்று நடந்தது, நடந்த வரிசையிலேயே:

1. என் எம்.ஃபில். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளருக்கு என் ஆய்வு வழிகாட்டியான மேடம் பொன்னாடை போர்த்தினார்.
2. ஆய்வகத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.
3. கைதட்டல் காதில் விழுந்ததும், மகள் பாஸாகிவிட்டாள் என்று நினைத்து, கல்லூரி வாசலில் நின்ற என் அப்பா பத்தாயிரம் வாலா சரவெடியைக் கொளுத்தினார்.
4. புகை மாடியேறி வந்தது.
5. நான் வடிவமைத்த சென்சாரின் கோடு நகர்ந்தது.
6. "பால் புரதம் பிடிபட்டுவிட்டது சார்" என்று அறிவித்தேன்.
7. பால் அப்போது என் கையிலிருந்த சொட்டுக்குழாயை விட்டு வெளியே வந்திருக்கவில்லை.

இதில் மூன்றாவதற்காக அப்பாவைத் திட்ட எனக்கு வாயில்லை. வெடிக்கு ஏற்பாடு செய்ததே நான்தான். தேர்வு எழுதிவிட்டுப் பாஸாகிவிடுவோம் என்று நம்புகிறவர்கள் உண்டு. தேர்வுக்கு முந்தின வாரமே தன் வெற்றிக்குத் தானே சரவெடி ஆர்டர் கொடுத்தவள், எனக்குத் தெரிந்து விருதுநகர் வட்டாரத்தில் நான் ஒருத்திதான். (சரவெடி ஊரில் பிறந்தால் இந்த மாதிரி வியாதியெல்லாம் வரும்.)

அப்பா ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அம்மாவும் அதே கம்பெனியில் திரி முடிகிற வேலை பார்த்தவர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில வருடங்களில், எங்கள் தெருவில் இயற்பியல் படித்த பெண் என்று ஒரே ஒரு பிரகிருதிதான் இருந்தது. என்னைப் பார்த்தால் தெருவே வழிவிடும். மரியாதையால் அல்ல. எதையாவது விளக்க ஆரம்பித்துவிடுவேன் என்ற பயத்தால்.

அந்தத் தேர்வில் எனக்குத் தேவைப்பட்டது பாஸ் மட்டுமல்ல. தேர்வாளராக வருகிறவரின் சென்னை ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவர் இடம் காலியாக இருந்தது. மேடம் எனக்காகப் பேசியிருந்தார். "பொண்ணோட வேலையை நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்று அவர் பதில் சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம் அப்பாவின் முதலாளி, தன் ஆபீஸில் பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் எனக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். "ஓம் மகதான் பெரிய படிப்பெல்லாம் படிச்சிருக்குல்ல, சீசனுக்கு வந்து உக்காரச் சொல்லுய்யா" என்று அப்பாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். வீட்டில் ஒப்பந்தம் சுருக்கமானது. சனிக்கிழமை தேர்வாளர் சரி என்றால் சென்னை. இல்லையென்றால் திங்கட்கிழமை கம்பெனி வேன்.

அந்த நாற்காலி மோசமான நாற்காலி அல்ல. ஆனால் என் தலைக்குள் அப்போது வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால்தான் மீதி புரியும். (தெருக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.)

ஒரு கண்ணாடிப் பட்டகம். அதன் ஒரு முகத்தில் ஒட்டிய கண்ணாடித் தகட்டில், கண்ணுக்குத் தெரிகிற எந்தத் தாளைவிடவும் மெல்லிசாக வெள்ளிப் பூச்சு. பட்டகத்துக்குள் பல கோணங்களில் விரித்து விடும் லேசர் ஒளி வெள்ளியின் முதுகில் பட்டுத் திரும்பி, எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடத் தாளில் சிவப்புப் பட்டையாக விழும். ஆனால் ஒரே ஒரு குறிப்பிட்ட கோணத்தில் போகிற ஒளி மட்டும் திரும்பாது. திரியில் தீ ஓடுவதுபோல, அது வெள்ளியின் மேற்பரப்பை ஒட்டியே அலையாக ஓடிவிடும். அதனால் சிவப்புப் பட்டையின் நடுவே அந்த இடம் மட்டும் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். வெள்ளியின் வெளிப்பக்கத்தில் எது வந்து ஒட்டினாலும், அது கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதானாலும், மேற்பரப்பில் ஓடும் அலைக்குத் தெரிந்துவிடும். கறுப்புக் கோடு இடம் மாறும். அவ்வளவுதான் சென்சார். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் கொக்கி போட்டுப் பிடிக்கும் ஆன்டிபாடியை வெள்ளியின் மேல் பூசிவிட்டால், அந்தப் புரதம் வந்ததும் கோடு நகர்ந்து காட்டிக்கொடுக்கும். நான் எடுத்துக்கொண்டது பாலில் இருக்கும் ஒரு புரதம்.

"பாலைக் கண்டுபிடிக்க மிஷினாக்கும்? நாக்குல வச்சாத் தெரியாதா?" என்றார் அம்மா.

"இன்னைக்குப் பாலும்மா. நாளைக்கு ரத்தத்துல இருக்கிற நோயி."

"அப்ப நாளைக்கு வந்து சொல்லு."

பூச்சை வெள்ளியில் செய்வதா, தங்கத்தில் செய்வதா என்று எனக்கும் மேடத்துக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. மேடம் தங்கத்தின் பக்கம். நான் வெள்ளியின் பக்கம். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"தங்கத்துக்குக் கோடு பட்டையா, மொத்தமா வருது மேடம். வெள்ளிக்குப் பாருங்க, பிளேடு மாதிரி வருது."

"வெள்ளி கறுக்கும்மா."

"கறுக்கிறதுக்குள்ள தேர்வு முடிஞ்சிரும் மேடம்."

மேடம் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கற்பிக்கிறவர்களுக்கு இந்தப் பார்வை நன்றாக வரும்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருந்தது. அது இருந்த அலமாரிக்குப் பக்கத்து ஆணியில்தான் அப்பா வேலைக்குப் போட்டுப் போன சட்டையைக் கழற்றி மாட்டுவார். சட்டையில் கந்தகம் மணக்கும். சிமிழ் கறுக்கும். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் தேய்த்து அதைப் பளபளப்பாக்குவார். இதை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளியில் சமன்பாடு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இரண்டு விஷயங்களும் என் மண்டைக்குள், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருக்கும் அண்ணன் தம்பி மாதிரி இருந்திருக்கின்றன. வேறு எந்த ஊர்க்காரி வெள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் மன்னிக்கலாம்.

தேர்வுக்கு நான் தயாரான விதத்தையும் சொல்ல வேண்டும். சொட்டு விட வேண்டும், கழுவ வேண்டும், காற்றில் உலர்த்த வேண்டும், கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கோடு நகர்ந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று, புன்னகையோடு ஒரு தடவை, புன்னகை இல்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். புன்னகை இல்லாததே விஞ்ஞானிக்கு உகந்தது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகுதான் வெடி ஏற்பாடு.

"முடிஞ்சதும் ஒரு சரம் போட்டா நல்லாருக்கும்ல அப்பா?"

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அதுவரை என் படிப்பில் அவர் கைவைக்க ஓரிடமும் கிடைத்ததில்லை. "ஒரு சரமா? பத்தாயிரம் வாலாவே போட்டுருவோம் தாயி. நம்ம கையால கட்டுனது. ஆனா முடிஞ்சிருச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் யாரிடமும் செல்போன் கிடையாது. நான் கொஞ்சமும் யோசிக்காமல், "கைதட்டுச் சத்தம் கேக்கும்பா" என்றேன்.

சனிக்கிழமை வகுப்புகள் இல்லை. ஆய்வகம் முதல் மாடியில், கல்லூரி வாசலைப் பார்த்த பக்கம். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தோம். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான ஓட்டை மட்டும் இருந்தது. ஃபேன் பழுதுபார்க்கப் போயிருந்தது. அந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் என் மேசை. மணல் நிரப்பிய பெட்டி, அதற்கடியில் காற்றடித்த சைக்கிள் டியூப்கள், பெட்டியின் மேல் லேசரும் பட்டகமும். வாசலில் லாரி போனாலும் கோடு ஆடாது. அந்த டியூப் யோசனையில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

தேர்வாளர் ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சக மாணவர்களும் ஆசிரியர்களும் சுவரோரமாக நின்றார்கள். மேடம் இரண்டு வார்த்தை வரவேற்றுப் பேசி, பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன். நன்றாக ஓங்கித் தட்டினேன். தட்டி முடிக்கும்போதுதான் அப்பாவிடம் சொல்லி வைத்தது நினைவுக்கு வந்தது.

முதல் வெடிக்குத் தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடியில் திரும்பிப் பார்த்துப் பயனில்லை என்ற நிலை வந்துவிட்டது. பத்தாயிரம் வாலா என்பது சத்தம் அல்ல, வானிலை. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேடம் ஏதோ கேட்டார், வாய் மட்டும் அசைந்தது. தேர்வாளர் கையால் 'நீங்கள் தொடங்குங்கள்' என்று சைகை செய்தார். பட்டியலில் உள்ளதை உள்ளபடி செய்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. விளக்கை அணைத்தேன். லேசரைப் போட்டேன். சுவரில் சிவப்புப் பட்டை, நடுவே பிளேடு மாதிரி கறுப்புக் கோடு. சொட்டுக்குழாயில் பாலை உறிஞ்சிக் கையில் எடுத்தேன்.

அதற்குள் ஓட்டை வழியாகப் புகை இறங்கியது. அதுவரை யார் கண்ணுக்கும் தெரியாதிருந்த லேசர், புகைக்குள் நீட்டமான சிவப்புக் கம்பியாக எழுந்து நின்றது. சுவரோரம் நின்றவர்கள் "ஆ" என்றார்கள். அந்த "ஆ"வில் நான் கொஞ்சம் மயங்கிவிட்டேன் என்றே நினைக்கிறேன். சுவரைப் பார்த்தேன். கறுப்புக் கோடு நகர்ந்திருந்தது. கோடு நகர்ந்தால் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். வெடிச்சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று கத்திச் சொன்னேன், புன்னகை இல்லாமல்:

"பால் புரதம் பிடிபட்டுவிட்டது சார்!"

நான் "பால்" என்ற நொடியில் சரம் முடிந்துவிட்டது. மீதி வாக்கியம் முழுவதும் மயான அமைதியில், என் முழுக் குரலில் ஒலித்தது.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் கையைப் பார்த்தார்.

"எந்தப் பாலும்மா? கையில இருக்கே, அதுவா?"

சொட்டுக்குழாய் நிரம்பி இருந்தது. ஒரு துளி நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுகூட விழவில்லை. சுவரோரம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து, புகையால் உண்மையாகவே இருமினார்கள். எனக்குக் கம்பெனி வேன் ஹாரன் அடிப்பது காதில் கேட்டது. ஆபீஸ் நாற்காலி, பில் போடுகிற கம்ப்யூட்டர், அதன் மேல் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் கோடு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

அதை நான் மட்டுமல்ல, அவரும் பார்த்தார். "ஏன் நகருது?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் மனப்பாட வாக்கியம் இல்லை. அதனால் யோசிக்க வேண்டி வந்தது. அதிர்வா? அதிர்வென்றால் கோடு ஆடும், ஒரே பக்கமாக நகராது. தவிர, என் டியூப்கள் இருக்கின்றன. சூடா? அறை சூடாகவில்லை. நான் மூச்சை இழுத்தேன். அப்பா சட்டையின் வாசனை. அலமாரி. சிமிழ். அண்ணனும் தம்பியும் அன்றைக்குத்தான் பேசிக்கொண்டார்கள்.

"கந்தகம் சார். வெடிப் புகையில இருக்கிற கந்தகம் வெள்ளியில ஒட்டுது. வெள்ளி கறுக்குது. கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு இன்னும் கறுக்கல. அதுக்கு முன்னாடியே அலைக்குத் தெரிஞ்சிருச்சு."

"இருக்கலாம். சத்தத்தால இல்ல, புகையாலதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"இன்னொரு தடவை செஞ்சு காட்டலாம் சார்."

"எதை வச்சு?"

நான் கறுப்புத் துணியை விலக்கிச் சன்னலைத் திறந்தேன். கீழே, சிவப்புக் காகிதக் குப்பைக்கு நடுவே, அப்பா கையில் ஊதுபத்தியோடு மாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா, தேர்வாளருக்கென்று சேவுப் பொட்டலத்தோடு.

"அப்பா! இன்னொரு சரம் இருக்கா?"

"இருக்கு தாயி! ஒண்ணு பாஸுக்கு, ஒண்ணு பர்ஸ்ட் கிளாஸுக்குன்னு ரெண்டு கொண்டாந்தேன். பர்ஸ்ட் கிளாஸா?"

"இன்னும் பாஸே ஆகலப்பா!"

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மா அவர் பக்கம் திரும்பினார். "பொறுங்க, பொறுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? கேட்டீகளா? கைதட்டுச் சத்தம் கேட்டதுந்தான் தாமசம், ஊதுபத்திய வச்சிட்டீக."

"அம்மா, பேசாம இரு. அப்பா, நான் கையக் காட்டுனதும் வெடிங்க!"

"பாஸாகாததுக்கு எதுக்குடி வெடி? ஏங்க, புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுங்க."

"பரீட்சையே அதுதாம்மா!"

முதல் புகை முழுவதும் கலைந்ததும், மாற்றுக்கென்று வைத்திருந்த இன்னொரு வெள்ளித் தகட்டைப் பட்டகத்தில் பொருத்தினேன். ஓட்டையை அடைக்க ஏதாவது வேண்டும் என்று சுற்றிப் பார்த்தேன். தேர்வாளர் தன் பொன்னாடையைக் கழற்றி நீட்டினார். மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் இல்லை. பொன்னாடையைச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். சன்னலிலிருந்து கையைக் காட்டிவிட்டு, அதை இறுக மூடிக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டேன்.

மறுபடி வானிலை. கண்ணாடிகள் அதிர்ந்தன. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். கறுப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது, அறைந்து வைத்ததுபோல. சத்தம் இருக்கிறது, அதிர்வு இருக்கிறது, நகர்வு இல்லை. சரம் பாதி ஓடியதும் நான் பொன்னாடையை உருவினேன். புகை உள்ளே வந்தது. சிவப்புக் கம்பி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கோடு மெல்ல, போன தடவை போன அதே திசையில், நடக்க ஆரம்பித்தது.

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. தேர்வாளர்தான் முதலில் பேசினார்.

"வெள்ளிதான் வேணும்னு யார் சொன்னது?"

"நான்தான் சார். மேடம் தங்கம்னுதான் சொன்னாங்க."

"வெள்ளியால இவ்வளவு நுணுக்கமா வருதுன்னா அதை விடக்கூடாது. அதுக்கு மேல ஒரு சட்டை போடணும். அலை மேல வரணும், புகை கீழ போகக்கூடாது. அந்தச் சட்டையை எத்தனை அடுக்கா, எந்தப் பொருள்ல தைக்கிறதுன்னு கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆகும்?"

"கணக்குப் போட்டு உடனே சொல்லிர்றேன் சார்."

"வேண்டாம்மா" என்றார் அவர் அவசரமாக. "நீங்க முன்கூட்டி எதையும் சொல்ல வேண்டாம். வந்து சேந்து, செஞ்சிட்டுச் சொல்லுங்க."

இப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது. மேடம் முதலில் கைதட்ட ஆரம்பித்து, பாதியில் சன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

கீழே போய்ச் சொன்னபோது அப்பா சிவப்புக் காகிதக் குப்பையைக் காலால் ஒதுக்கினார். பிறகு, "ரெண்டு சரமும் வீணாப் போகலைல்ல?" என்றார். அம்மா, லேசாகக் கறுக்கத் தொடங்கியிருந்த தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா இம்புட்டும்? குடு, விபூதி போட்டுத் தேச்சுத் தாரேன்." தேய்த்தால் பூச்சு முழுவதும் போய்விடும் என்று விளக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல வழிவிட்டு விலகினார்கள்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாராலும் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. மாமா மகன் கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்துவிட்டது என்று கடைசி ஓவருக்கு முன்பே குதித்தால், "ஏலே, சொட்டு விட்டாச்சாலே?" என்று நாலு திசையிலிருந்தும் கேட்பார்கள். அத்தை, மகனுக்கு வேலை கிடைத்த மாதிரிதான் என்றால், அம்மா, "சொட்டு விட்டாச்சா மதினி?" என்பார். காரணம் தெரியாத புது மருமகள்கள்கூட இதைச் சொல்லப் பழகிவிட்டார்கள். அப்பா கம்பெனியில் கதையை வேறு மாதிரி சொல்கிறார். அவர் கதையில் பால் கிடையாது, நான் உளறியதும் கிடையாது. "எம் மக பரீட்சைக்கு வேணுங்கிற புகைய நாந்தான் சப்ளை பண்ணுனேன். பெரிய விஞ்ஞானி, சென்னைக்காரரு, போட்டிருந்த பொன்னாடையைக் கழத்திக் குடுத்துட்டு நின்னாரு." இதில் எதுவும் பொய்யில்லை என்பதால் நான் திருத்துவதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தக் கதைதான் அதிகம் பிடிக்கும்.

ஆபீஸ் நாற்காலியில் வேறொரு பெண் சேர்ந்து, நான் பார்த்திருக்கக்கூடியதைவிட நன்றாக வேலை பார்க்கிறாள்.

சென்சாரின் இன்றைய நிலை இது. வெள்ளிக்கு மேல் இரண்டு வகை ஆக்சைடுகளை மாற்றி மாற்றி, மெல்லிய அடுக்குகளாகப் பூசியிருக்கிறேன். அலை இப்போது மேல் அடுக்கின் மேற்பரப்பில் ஓடுகிறது. கோடு, சட்டையில்லாத வெள்ளியில் இருந்ததைவிடவும் மெல்லிசாக வருகிறது. ஒரு தகட்டை ஒரு சீசன் முழுவதும் அப்பாவின் கம்பெனி ஆபீஸில் திறந்தே வைத்திருந்து எடுத்துப் பார்த்தேன், கோடு நகரவில்லை. பால் புரதம் பிடிபடுகிறது. ரத்தத்தில் இன்னும் சோதிக்கவில்லை.